விதியா, வீரமா?

நடிகை ஒருத்தி புகழ் பெற்றால், அதிர்ஷ்டம் அணைத்தது என்று எழுதுவோர் உளர். டி. பி. ராஜலட்சுமியின் வாழ்வை அவ்விதம் எழுதுவது, உழைப்பைத் திருடி விதிக்குத் தானம் செய்வதாகும்.

1911இல் திருவையாற்றில் வைதிகக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளி செல்லவேண்டிய பருவத்திலே மணமகளாக்கப்பட்டார். அந்த மணம் நிலைக்கவில்லை. மூலையில் முடங்கிக்கிட என்றது சாத்திரம். மேடை ஏறினார் அவர். மேடையேறும் மாதரை இழித்துரைத்த காலம் அது!

1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமாம் 'காளிதாஸ்' படத்தின் நாயகி அவரே. தெலுங்கும் கலந்தொலித்த அப்படத்தில் தமிழில் பேசினார். 1936இல் 'மிஸ் கமலா'வைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கினார். பெண்ணின் முகத்தை மட்டுமே விலைபேசிய தொழிலில், அறிவையும் முன்வைத்தார்!

1964இல் மறைந்தார். 'காளிதாஸ்' படச்சுருளும் இன்றில்லை. எஞ்சியது 'சினிமா ராணி' என்ற பட்டம். அப்பட்டத்தைப் பக்கம் பக்கமாய்ப் பாடுவோர், குழந்தை மணத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றனர். கொடுமையை மறைத்துவிட்டு வெற்றியை வியப்பது விமர்சனமா?

தோழர்களே! தப்பிய ஒருத்தியை வாழ்த்துவோம். தப்ப வழியின்றி, அடுப்படியிலே அழிந்த சிறுமியர் எத்தனை ஆயிரம்? அவர்களுள் எத்தனை ராஜலட்சுமிகள் இருந்தனரோ! அக்கணக்கைக் கேட்காத வரலாறு, வரலாறன்று, வெறும் புகழ்மாலை.