ஆண்டு வசனமும் ஆண்டு உடன்படிக்கையும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும் தமிழ்ப் புராட்டஸ்டன்ட் குடும்பத்தின் கையில் பெரும்பாலும் ஓர் அட்டை இருக்கும். அதில் அச்சிட்டிருப்பது புத்தாண்டின் வாக்குத்தத்த வசனம். சில ஆலயங்களில் சபை முழுவதற்கும் ஒரே வசனம்தான். மணி பன்னிரண்டு அடித்ததும் ஆயர் அதை அறிவிப்பார். மறுநாள் அது பேனராகத் தொங்கும். வேறு சில இடங்களில் அட்டைகளைத் தாம்பாளத்தில் கவிழ்த்து வைத்திருப்பார்கள்; ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல வசனம் வந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார். சிட்சையைப் பற்றிய வசனம் வந்தவர் அதை வேதாகமத்துக்குள் செருகிக்கொள்வார். வீட்டுச் சுவரில் போன ஆண்டின் அட்டைமேலேயே புது அட்டையை ஒட்டுவதும் உண்டு.

வரும் ஆண்டில் சபை ஆவிக்குரிய வாழ்வில் எப்படி வளர வேண்டும் என்பதற்குத் திருச்சபை வரலாற்றில் பல மரபுகள் விடை சொல்லியிருக்கின்றன. ஒன்று வசனத்தைப் பெறுகிறது, ஒன்று வாக்குக் கொடுக்கிறது, ஒன்று வாசிக்கச் சொல்கிறது, ஒன்று எண்ணிப் பார்க்கிறது. தமிழ்ச் சபைகளில் இவை நான்கும் கலந்தே புழங்குகின்றன.

வசனத்தைப் பெறும் மரபின் மூத்த வடிவம் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொராவியச் சகோதரர் சபையில் தோன்றியது. 1728 மே 3ஆம் நாள் மாலைக் கூட்டத்தில் சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் அன்றைய வாக்கியத்தைச் சகோதரர்கள் ஊரின் 32 வீடுகளுக்கும் நடந்து போய்ச் சொன்னார்கள். வசனத்தோடு விசாரிப்பும் சேர்ந்தே வந்தது: வீட்டில் யாருக்கு நோய், யாருக்கு மனஸ்தாபம் என்பது அந்த நடையிலேயே தெரிந்துவிடும். இந்த அன்றாட வாக்கியங்களை 1731ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக நூலாக அச்சிட்டார்கள். இன்றுவரை தடையின்றி வெளிவருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டெடுத்துத் தேர்கிறார்கள், அதுவும் மூன்று ஆண்டுகள் முன்னதாக. அதற்குப் பொருந்தும் புதிய ஏற்பாட்டு வசனத்தை மட்டும் மனிதர் தேடிச் சேர்க்கிறார்கள்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு வசனம் என்ற ஏற்பாடு ஜெர்மனியில் 1930இல் தொடங்கியது. தொடங்கியவர் ஓட்டோ ரீத்முல்லர் என்ற போதகர். நாத்சிக் கட்சியின் முழக்கங்கள் தெருவை நிறைத்த அடுத்த ஆண்டுகளில் இந்த வசனம் எதிர்க்குரலாகவும் நின்றது. இதைச் சீட்டெடுத்துத் தேர்வதில்லை; கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டினரும் சேர்ந்த குழு விவாதித்து முடிவு செய்கிறது. சீட்டெடுப்பது தேவசித்தம் என்றும் விவாதிப்பது மனித யோசனை என்றும் பிரித்துவிடுவது எளிது. ஆனால் விவாதித்துத் தேரும்போது யாருக்கும் பிடிக்காத வசனத்தையும் எடுத்து வைக்கத் துணிவு வேண்டும். தமிழ்நாட்டு அட்டைகளில் ஆசீர்வாத வசனங்களே திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது அந்தத் துணிவின் அருமை புரியும்.

வாக்குக் கொடுக்கும் மரபு மெதடிஸ்டுகளுடையது. பிரிஸ்டல் அருகே கிங்ஸ்வுட்டின் நிலக்கரித் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவைச் சாராயக் கடையில் கழித்து வந்தவர்கள். மனம் திரும்பியபின் அதே இரவை ஜெபத்தில் கழித்தார்கள். ஜான் வெஸ்லி அதைக் கண்டு மாதம் ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய நாளில், விழிப்பு ஆராதனை நடத்தினார். நள்ளிரவில் வீட்டுக்கு நடக்க வெளிச்சம் வேண்டுமே என்பதுதான் காரணம். இன்றைய ஆண்டிறுதி இரவு ஆராதனையின் வேர்களில் ஒன்று இது.

உடன்படிக்கை ஆராதனை இதிலிருந்து வேறானது. 1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்சில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் வெஸ்லி அதை முதன்முதலாக நடத்தினார். வாசகத்தை அவர் 17ஆம் நூற்றாண்டுத் தூய்மைவாதப் போதகர் ரிச்சர்டு அல்லைனிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று சம்மதம் தெரிவித்ததாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஊழியத்தில் வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும் சம்மதம் என்பதே அந்த வாக்கின் சாரம். புத்தாண்டில் நலமும் உயர்வும் கேட்கப் பழகிய வாய்க்கு இது கசப்பான மருந்துதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கரோடும் தென்னிந்திய ஐக்கிய சபையோடும் மெதடிஸ்டுகளும் இணைந்தார்கள். உடன்படிக்கை ஆராதனை அவர்களோடு வந்த சீதனம். இன்று பல சேகரங்களில் ஜனவரியின் முதல் ஞாயிறு அதற்கு உரியது. வசன அட்டைக்கு இருக்கும் வரவேற்பு அதற்கு இல்லை என்பதும் உண்மை.

வாசிக்கும் மரபை ஒரே ஓர் அட்டவணையைக் கொண்டு அறியலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆயர் ராபர்ட் மர்ரே மெக்செயின் 1842 டிசம்பரில் தம் சபைக்காக அதைத் தயாரித்தார். ஆண்டுக்குள் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை முடியும். அடுத்த மார்ச்சில், 29 வயதிலேயே, அவர் இறந்துபோனார். அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கவனிக்கத்தக்கது வேறு: திட்டத்தின் நன்மைகளுக்கு முன்னதாக அதன் ஆபத்துகளையே அவர் எழுதினார். சடங்காகிப்போகும், முடித்தவனுக்குத் தற்பெருமை வரும், கவனமின்றிப் பக்கம் புரட்டத் தோன்றும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகும். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே ஒருமுறை முடிக்க நாளுக்கு மூன்று, சில நாள் நான்கு என்பது கேட்கச் சிறிதாகத்தான் தோன்றும். ஜனவரியில் ஆதியாகமத்தில் ஓடுகிறவர்கள் லேவியராகமத்தில் நொண்டத் தொடங்குவதைச் சபையார் தங்களுக்குள் சிரித்துப் பேசிக்கொள்வார்கள்.

எண்ணிப் பார்க்கும் மரபு அமெரிக்க இறக்குமதி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தந்தை எனப்படும் டோனால்ட் மெக்கவ்ரன் 1897இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் தமோவில் பிறந்தவர். இந்தியாவிலேயே மிஷனரியாகப் பல பத்தாண்டுகள் உழைத்தவர். ஒரு வட்டாரத்தில் சபை பெருக, அடுத்த வட்டாரத்தில் அது தேங்குவது ஏன் என்ற கேள்வி அவருக்கு இங்கேதான் எழுந்தது. 1955இல் அதை நூலாக்கினார். 1965இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் அதற்கென ஒரு துறையே அமைந்தது. ஆண்டுக்கு இத்தனை ஞானஸ்நானம், இத்தனை புது ஜெபக் குழு என்று இலக்கு வைக்கும் சபைகள் அறிந்தோ அறியாமலோ இந்த மரபில் நிற்கின்றன. கணக்கு பாவமல்ல, அப்போஸ்தலர் நடபடிகளும் மூவாயிரம் பேர் என்று எண்ணிச் சொல்கிறது. எண்ண வராதவற்றை மறந்துவிடுவதே இம்மரபின் நோய்.

கத்தோலிக்கப் பங்குகளுக்குத் தனி வசனம் தேட வேண்டியதில்லை. அவர்களின் வழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்திலேயே பிறந்துவிடுகிறது. 1968 முதல் ஜனவரி 1 உலக அமைதி நாளாகவும் உள்ளது. பெந்தெகொஸ்தே சபைகளில் ஜனவரி உபவாச ஜெபத்தின் மாதம். தானியேல் மூன்று வாரம் உபவாசமிருந்ததை முன்மாதிரியாகக் கொண்டு 21 நாள் இருப்போரும் உண்டு.

இத்தனை மரபுகளையும் எந்த அளவுகோலால் அளப்பது? முதலாவது, வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசிப்பது. எரேமியா 29:11 அட்டைகளின் செல்லப்பிள்ளை. அதற்கு முந்தைய வசனம் 70 ஆண்டுகள் பாபிலோனில் காத்திருக்கச் சொல்கிறது. அதை முதலில் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பாமலே செத்திருப்பார்கள். அந்த நம்பிக்கை பேரப்பிள்ளைகளுக்கு உரியது என்று தெரிந்தால் சபையின் ஆண்டுத் திட்டமே மாறும். ஓய்வுநாள் பள்ளிக்கு ஒதுக்கும் தொகையும் மாறும்.

இரண்டாவது, ஆண்டுத் திட்டம் எல்லார் கைக்கும் வேலை தர வேண்டும். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் தலையில் கை வைத்து, நற்செய்தி அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்னும் பொருள்பட பவுலின் சொல்லைச் சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த முறை. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளுக்கும் அதில் பங்கு உண்டு. சோறு வடிக்கும் முன் அரிசியில் ஒரு பிடி எடுத்து வேறு டப்பாவில் போடும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும் இத்தகையதே: பேனரில் ஏறாத திட்டம், ஆனால் நாள் தவறாமல் நினைவூட்டும்.

மூன்றாவது, திரும்பிப் பார்ப்பது. வருடாந்தரக் கூட்டத்தில் வரவு செலவை வாசிப்பார்கள். மின்கட்டணம் ஏன் கூடியது என்று ஒருவர் எழுந்து கேட்பார். பொருளாளர் ரசீதைக் காட்டுவார். போன ஜனவரியில் பெற்ற வசனம் என்ன ஆயிற்று என்ற கேள்வி நிகழ்ச்சிநிரலில் இருப்பது அரிது. அன்றைய ஹெர்ன்ஹூட்டில் அந்தக் கேள்வியோடு மறுநாள் காலையிலேயே யாரேனும் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.