எந்த நாய்க்கு எந்த இடம்: மாட்டுங்காவும் வெள்ளவத்தையும்

நாயை நடக்க அழைத்துப்போக நல்ல இடம் தேடுகிறவர்கள் முதலில் மரத்தைப் பார்க்கிறார்கள். நிழல் உண்டா, புல் உண்டா, வண்டித் தொல்லை இல்லாமல் இருக்குமா என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மும்பையில் பெரும்பாலும் தெருநாய்கள் இருக்கும். கொழும்பில் தெருநாய்களோடு வாய்க்காலிலும் சதுப்பிலும் வாழும் பிராணிகளும் சேர்ந்துகொள்ளும். மாட்டுங்காவில் வீடு, வெள்ளவத்தையில் அக்கா குடும்பம் என்று இரண்டு ஊரிலும் நாய்களோடு நடந்து பழகியவன் நான். இடம் பசுமையாக இருந்தும் நாய்க்கு ஆகாமல் போவதை இரண்டு இடத்திலும் பார்த்திருக்கிறேன்.

மாட்டுங்காக்காரர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் ஒரு வரம். தாதர் பார்சி காலனியை உருவாக்கிய மஞ்சேர்ஜி ஜோஷியின் பெயரில் ஐந்து தோட்டங்கள், அவற்றுக்கு இடையே சாலைகள், மேலே தூங்குமூஞ்சி மரங்களின் நிழல். நாயோடு போகிறவர்களுக்கு ஏற்றது வெளிச்சுற்று நடைபாதைதான். உள்ளே குழந்தைகளும் பந்தும் மூச்சுப்பயிற்சி செய்யும் பெரியவர்களுமாக இருப்பார்கள். வெளியே அகலம் தாராளம். எதிரே முரட்டு நாய் வந்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடலாம். ஒதுங்க இடம் இருப்பதுதான் நாய் நடக்கும் பாதைக்கு முதல் தகுதி என்பேன்.

அந்தப் பகுதியில் நாய்க்குக் கிடைக்கும் மரியாதைக்குப் பழைய வேர் உண்டு. இறந்தவரின் உடலை நாயின் பார்வைக்குக் காட்டுவது பார்சிகளின் இறுதிச் சடங்கில் ஒரு பகுதி. 1832 ஜூனில் ஆங்கிலேய நிர்வாகம் தெருநாய்களைக் கொல்ல ஆள் வைத்தபோது பம்பாய்ப் பார்சிகள் கடையடைத்துத் தெருவில் இறங்கினார்கள்.

அந்தத் தெருநாய்களின் வாரிசுகளோடுதான் இன்றும் நம் நாய் நடக்கவேண்டியிருக்கிறது. 2014இல் மும்பை மாநகராட்சி எடுத்த கணக்கில் அவை சுமார் 95,000. ஒரு விடிகாலையில் நின்று கவனித்தால் தெரியும்: பான் கடை வாசலில் படுத்திருக்கும் செவலை எழுந்து குரைத்துக்கொண்டே பின்னால் வரும், மின்சாரப் பெட்டி வரை வந்து நிற்கும், அதற்கு மேல் ஓரடி வைக்காது. அங்கிருந்து அடுத்த கூட்டத்தின் எல்லை. 2001இல் வந்து 2023இல் புதுப்பிக்கப்பட்ட இந்திய விதிகளின்படி, கருத்தடையும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடவேண்டும். அதனால் இந்த எல்லைகள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒரு முறை தெரிந்துகொண்டால் பல மாதத்துக்கு வழி தெளிவு. காதில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்த நாய் என்று கொள்ளலாம். நாம் சங்கிலியை இழுத்துப் பிடித்தால் அந்த இறுக்கம் நம் நாய்க்குக் கோபமாக இறங்கிவிடும், ஆகவே தளர்த்திப் பிடித்து நிற்காமல் கடப்பதே சரி. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய்களுக்கு உணவிட வார்டு வாரியாகத் தனி இடம் ஒதுக்கச் சொன்னது. நம் வார்டில் அந்த இடம் எங்கே அமைகிறது என்பதைக் கேட்டறிவது நல்லது. சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் வேறு நாய் போகக் கூடாது.

இலங்கை இதே சிக்கலுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. அங்கே விசர்நாய்க் கட்டளைச் சட்டம் 1893இலேயே வந்துவிட்டது. நாயைப் பதிவு செய்வதும் கட்டாக்காலி நாயைப் பிடித்துக் கொல்வதும் நெடுங்காலம் நடந்தன. 1973இல் மட்டும் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். தடுப்பூசி பரவப் பரவ அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. 2006இல் அரசு கொல்வதை நிறுத்தியது. 2007 முதல் 2012 வரை கொழும்பு மாநகர சபையும் புளூ பாவ் டிரஸ்ட் என்ற கால்நடை மருத்துவர்களின் அமைப்பும் சேர்ந்து கருத்தடை, ஊசி, மக்களுக்குப் பாடம் என்று மூன்றையும் ஒன்றாக நடத்தினார்கள். பொது இடங்களில் வாழும் நாய்களை அங்குள்ளவர்களே பொறுப்பேற்றுப் பராமரிக்கும் பகுதிகளும் அதில் உண்டு. சுதந்திர சதுக்கத்தைச் சுற்றியும் விகாரமகாதேவி பூங்காவின் ஓரத்திலும் நடந்தபோது நான் கண்ட தெருநாய்கள் பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன. மும்பையில் மூன்று கூட்டங்களைக் கடக்கும் தூரத்தை அங்கே நிம்மதியாக நடந்தேன்.

ஆனால் கொழும்பில் தண்ணீர்ப் பக்கம் கவனம் வேண்டும். நகரம் சதுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 2018இல் ராம்சார் சதுப்புநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. தியவன்னா ஓயாவின் கரையோர நடைபாதைகளைப் பார்த்தால் லாப்ரடார் வளர்ப்பவருக்கு ஆசை வரும். நாய்க்கும் வரும், அது நேரே தண்ணீருக்குத்தான் பாயும். வெள்ளவத்தை வாய்க்கால் ஓரம் நான் நின்றபோது ஒரு பெரியவர், "தம்பி, நாயைத் தண்ணிப்பக்கம் விடாதேங்கோ, கபரக்கொய்யா கிடக்கும்" என்றார். கபரக்கொய்யா என்றால் நீர் உடும்பு. புல்லுக்குள் ஆள்நீளத்துக்கு ஒன்று அசையாமல் கிடந்தது. வால் ஒரு வீச்சு வீசினால் சின்ன நாய் தாங்காது. பெத்தகான, தியசரு போன்ற சதுப்புப் பூங்காக்கள் மீன்பிடிப் பூனைக்கும் நீர்ப்பறவைக்குமான இடங்கள். அங்கே நாம் மட்டும் போய் வரலாம், நாய் வேண்டாம்.

காடு என்றால் மும்பைக்கும் இதையேதான் சொல்வேன். போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் சிறுத்தைகள் வாழ்கின்றன. நாய் அவற்றின் இரைகளில் முக்கியமானது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாயிடமிருந்து காட்டுக்கும் ஆபத்து உண்டு. 2018இல் கீர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் மடிந்தபோது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றிடம் கண்டறியப்பட்டது.

இனி நாயைப் பார்ப்போம். ஹட்ச் செல்பேசி விளம்பரத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்த பக், மூக்கு உள்ளடங்கிய நாய். அதால் மூச்சிரைத்து உடம்புச் சூட்டைச் சரியாக இறக்க முடியாது. மும்பையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்கு நல்ல காலம். இரண்டு நாட்டுக்கும் ஒரே கடிகாரம்தான், ஆனால் மும்பை மேற்கே தள்ளியிருப்பதால் ஜனவரியில் அங்கே சூரியன் எழ ஏழு மணி தாண்டிவிடும். கொழும்பில் ஆறரைக்கு முன்பே வெயில். ஆகவே மாட்டுங்காவில் ஏழு மணிக்குக்கூட பக்கைக் குளிர்ந்த தரையில் நடத்தலாம். கொழும்பில் அதற்குக் குளிர்காலமே கிடையாது. விடியுமுன் காலிமுகத் திடலுக்குக் கூட்டிப்போய்க் கடல்காற்று வாங்கவைப்பதுதான் வழி. மாலையில் அதே திடல் பீகிளுக்கு ஆகாது. இஸ்ஸோ வடை வண்டிகளின் அடியில் இறால் தலையும் காகிதமும் கிடக்கும், மோப்பம் பிடித்தே வாழும் நாய் நாம் குனிவதற்குள் விழுங்கிவிடும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்க்கும் நம்மவர்கள் செம்பூரிலும் இருக்கிறார்கள். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு, சாதாரணக் கழுத்துப்பட்டை காதுவழியே கழன்று கையோடு வந்துவிடும். அகலப் பட்டையோ மார்புப் பட்டையோ போடவேண்டும். பூனையைக் கண்டால் இவை கூப்பிட்டாலும் திரும்பாது. டயமண்ட் கார்டன் பக்கத்து உள்சாலைகள் இவற்றுக்கு நன்று, நீளமான நடை கிடைக்கும். மாகுல் பக்கம் வேண்டாம், டேங்கர் லாரிகள். வெள்ளவத்தை மரைன் டிரைவ் பார்க்க அருமையான நேர்சாலை, ஆனால் சாலைக்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. வேட்டைநாயை அங்கே கூட்டிப்போகாதீர்கள். சாதுவான கிழ நாய்க்கு அதே சாலை சொர்க்கம், தரை மட்டம், காற்று ஓயாது. குட்டிகளை, தடுப்பூசி வரிசை முடியும்வரை இரு ஊரிலும் பொதுத் தரையில் விடவே கூடாது. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

மழைக்காலம் எலிக்காய்ச்சலின் காலம். மும்பையில் ஜூலை வெள்ளத்துக்குப் பின்னும் இலங்கையில் மழை கனக்கும் மாதங்களிலும் அது தலைதூக்கும். தேங்கிய தண்ணீரில் நாயை இறக்காதீர்கள், அதற்கான லெப்டோ ஊசியை ஆண்டுதோறும் தவறவிடாதீர்கள். வீடு திரும்பியதும் விரல் இடுக்கைப் பிரித்துத் துடைத்துப் பாருங்கள், உண்ணி ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான்.

பூங்காவை விட்டுத் துரத்தினால் என்ன செய்வது? இந்திய விலங்கு நல வாரியம் 2015இல் தந்த வழிகாட்டலின்படி, வளர்ப்பு நாய்களைப் பூங்காவிலிருந்து அடியோடு விலக்குவது சரியல்ல, நேரம் வகுக்கலாம். வாட்ச்மேனிடம் சண்டை போடுவதைவிடத் தோட்டத்துறைக்கு எழுதி விடிகாலை ஒரு மணி நேரம் கேளுங்கள். கேட்கும் முன் கையில் பை இருக்கட்டும். நாய் அசுத்தம் செய்தால் அள்ளாதவருக்கு மும்பையில் 500 ரூபாய் அபராதம் 2006இலிருந்தே உண்டு, அது நியாயமும்கூட.

தாராவிக்காரர்களுக்குத்தான் இதில் எதுவும் எட்டவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து தலைமுறைகளாக வாழும் குடும்பங்கள் அங்கே வாசலிலேயே நாய் வளர்க்கின்றன, நடக்கவிட ஒரு முழம் திறந்த மண் கிடையாது. பக்கத்திலேயே மித்தி ஆற்றங்கரையில் மகாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறது. குப்பைமேடாகக் கிடந்த 37 ஏக்கர், 1983இல் சாலிம் அலி முதல் மரம் நட்டு வளர்ந்த காடு. பறவைக்கும் பூச்சிக்குமாக உருவாக்கிய அதைக் கெடுக்கக் கூடாது. தாராவிக்காரர்கள் நாயோடு சயான் கோட்டை அடிவாரம் வரை நடக்கிறார்கள், நடுவே கனரக வண்டிகளின் சாலை. இப்போது தாராவி மறுசீரமைப்பு தொடங்கியிருக்கிறது. வரைபடத்தில் நாய்களுக்கென்று அரை ஏக்கர் மண்தரை வேண்டும்: சுற்றி வேலி, நாய் நழுவி ஓடாதபடி இரட்டைக் கதவு, ஒரு தண்ணீர்க் குழாய், நான்கு மரம். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் கிடைக்காது. அந்தப் பகுதி நகரசேவகர்களிடமும் திட்ட அலுவலகத்திலும் இப்போதே மனு கொடுக்கவேண்டும்.