பாலில் மஞ்சளும் பெருங்குடல் புண்ணும்

தஞ்சை வட்டாரத்தில் மலத்தோடு ரத்தம் போனால் மூலம் என்பார்கள். சளியும் சேர்ந்தால் சீதபேதி என்பார்கள். இரண்டுக்கும் கைவைத்தியம் உண்டு. அடங்கியும் கிளம்பியும் ஆண்டுக்கணக்கில் வதைக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி இந்த இரண்டு பெயர்களுக்குள் வெகுநாள் ஒளிந்துகொள்கிறது. நோய் இன்னதென்று தெரிந்து மெசலமைன் மாத்திரை தொடங்கிய பிறகும், மாதச் செலவும் ‘காலம் பூரா மாத்திரையா’ என்ற அலுப்பும் சேர்ந்து மஞ்சளின் பக்கம் தள்ளுகின்றன. நடவு வயலில் நிற்கும் பெண்ணுக்கு நாளில் பத்துத் தடவை வயிற்றை முறுக்கினால் ஒதுங்க இடம் ஏது? கைக்கு எட்டுவதை அவர் நாடுவதில் குற்றமில்லை. மஞ்சளுக்கு ஆதாரமும் இருக்கிறது. அந்த ஆதாரம் எதைச் சொல்கிறது என்பதைப் படிப்பதில்தான் பிசகு நேர்கிறது.

2006இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நோய் அடங்கியிருந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு மஞ்சளின் சாரமான குர்குமினை நாளைக்கு 2 கிராம் வீதம் ஆறு மாதம் கொடுத்தார்கள். அவர்களில் 43 பேரில் 2 பேருக்கே நோய் திரும்பியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. மெசலமைனுக்கு அடங்காதவர்களிடம் இஸ்ரேல் மருத்துவர்கள் தலைமையில் 3 கிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. ஒரே மாதத்தில் 26 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது. மறுபிரிவின் 24 பேரில் ஒருவருக்கும் தணியவில்லை. சிறிய ஆய்வுகள்தாம், ஆனால் தள்ளிவிட முடியாதவை. இரண்டிலுமே வழக்கமான மாத்திரையை யாரும் நிறுத்தவில்லை. மஞ்சள் அதற்குத் துணையாகவே போனது. மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சளுக்கு மாறுகிறவருக்கு இந்த ஆய்வுகள் சாட்சி சொல்லா.

அடுத்தது அளவு. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு தேறினால் உண்டு. 3 கிராம் சாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் தூள் வேண்டும். இரவுப் பாலில் நாம் போடுவது ஒரு சிட்டிகை. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 62 பேரிடம் தினம் 450 மில்லிகிராம் குர்குமின் கொடுத்துச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. ‘அளவு குறைவு, மஞ்சள் தோற்றதாகச் சொல்லக்கூடாது’ என்பார்கள். நியாயம்தான். ஆனால் அந்த 450 மில்லிகிராமே 15 கிராம் தூளுக்குச் சமம் என்றால், சிட்டிகையின் கதி என்ன? ‘முழு மஞ்சளில் குர்குமின் மட்டுமா இருக்கிறது’ என்ற வாதமும் சரியே. அப்படியானால் முழு மஞ்சளைத் தனியே சோதிக்க வேண்டும். சாரத்தின் வெற்றியைத் தூளுக்குக் கடன் வாங்கக் கூடாது. மிளகு சேர்த்தால் குர்குமின் ரத்தத்தில் கூடுதலாக ஏறும் என்பது உண்மை. இந்த நோய்க்கோ அது ரத்தத்தில் ஏறாமல் பெருங்குடல் வரை போய்ச் சேர்வதே நல்லதாக இருக்கலாம். அதிக அளவு குர்குமின் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியதும் இத்தாலி முதலிய நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

சோதனை, கணக்கு என்பதெல்லாம் மேனாட்டுப் பிடிவாதம் என்று சொல்ல தஞ்சாவூர்க்காரர்களுக்கு வாய் வரக்கூடாது. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் அமைத்து, வைத்தியர்களைக் கூட்டி, மருந்துகளைச் செய்து பார்த்துப் பதிவுசெய்ய வைத்தவர்; கண் நோயாளிகளின் குறிப்புகள் கண்ணின் படத்தோடு சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்தக் கறார் பாலில் மஞ்சள் கலக்கும்போதும் தேவை. குடல் காசநோயும் இந்தப் பெருங்குடல் அழற்சியைப் போலவே வயிற்றுவலி, கழிச்சல், மெலிவு என்று வரும். கொலனோஸ்கோபி செய்து சதை எடுத்துப் பார்க்காமல் பிரித்தறிவது கடினம். ரத்தம் போவது வாரக்கணக்கில் நிற்காதபோது மஞ்சள் தரும் ஆறுதலே அந்தச் சோதனையைத் தள்ளிப்போட வைக்கிறது. இந்த வைத்தியத்தின் பெரிய குறை அதுதான். கல்லீரல் பயம்கூட அதற்கு அடுத்தபடிதான்.