சாகா நொரேனும் என் மகளும்: ஒரு வாசிப்பும் சில மறுப்புகளும்

சென்ற இதழில் அடையாள அரசியல் பற்றி எழுதியிருந்த நண்பர், தனது நீண்ட கட்டுரையின் இறுதியில் ஓட்டிசத்தைத் தம் அடையாளமாகக் கொண்டாடுவோரைப் பற்றியும் ஒரு பந்தி சேர்த்திருந்தார். மருத்துவம் குறைபாடு என்று பதிந்து வைத்திருக்கும் ஒன்றை, தொலைக்காட்சித் தொடர்களின் பாத்திரங்களைக் காட்டிப் 'பண்பாடு' என்று பெயர் மாற்றுவது நுகர்வுச் சந்தையின் இன்னொரு விளையாட்டு என்பது அவரது கருத்து. கட்டுரையின் ஏனைய பகுதிகளோடு, குறிப்பாக வர்க்கம் பற்றி அவர் சொன்னவற்றோடு, எனக்குப் பெரிய முரண்பாடில்லை. இந்தப் பந்தியோடு உண்டு. அதனைக் கொள்கையளவில் மட்டும் மறுத்துவிட்டுப் போகும் வசதி எனக்கில்லை. என் மகள் ஓட்டிசக்காரி. இச் சொல்லை அவளது சம்மதத்துடனேயே பாவிக்கிறேன். 'ஓட்டிசத்தால் பாதிக்கப்பட்ட' என்று முதல் வரைவில் நான் எழுதியிருந்ததை அவளே வெட்டினாள்.

ஊரில் பதினொரு வருடங்கள் இலக்கியம் கற்பித்தவன் நான். இங்கு டென்மார்க்கில் பதினாறு வருடங்களாக இறைச்சித் தொழிற்சாலையொன்றில் பொதி செய்யும் பிரிவில் நிற்கிறேன். இந்த மாற்றத்தைப் பற்றிப் புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. பிரதியை எப்படி வாசிப்பது என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவன், தன் வீட்டில் நடந்த ஒரு வாசிப்பை விளங்கிக்கொள்ளாமல் ஐந்து வருடம் இருந்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

'பாலம்' என்று பொருள்படும் பெயரோடு 2011இல் தொடங்கி 2018இல் முடிந்த சுவீடிஷ்-டெனிஷ் துப்பறியும் தொடரை வாசகர்களிற் பலர் அறிந்திருப்பர். நான்கு தொடர்கள், மொத்தம் முப்பத்தெட்டு அத்தியாயங்கள். கொப்பன்ஹேகனையும் மல்மோவையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலத்தின் நடுவில், எல்லைக் கோட்டின் மேல் ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. உண்மையில் அது இரண்டு பெண்களின் இரு பாதிகள். மேற்பாதி சுவீடனின் அரசியல்வாதி ஒருவருடையது. கீழ்ப்பாதி டென்மார்க்கின் பாலியல் தொழிலாளி ஒருவருடையது. யார் எந்த நாட்டுக்கு 'முழு' மனிதர் என்ற கேள்வியோடு தொடங்கும் ஒரு கதை அகதிகளான எம்மை இழுத்ததில் வியப்பில்லை. ஆனால் நான் பார்த்தது அதற்காகவல்ல. டெனிஷ் ஆசிரியை, சுவீடிஷ் பேச்சுக்கு டெனிஷ் எழுத்து ஓடும், கண் பழகும் என்று சொன்னதற்காக.

மல்மோப் பொலிசாக வரும் சாகா நொரேன்தான் எமது விடயம். பச்சை நிறப் பழைய போர்ஷே கார், தோல் காற்சட்டை. தொலைபேசியை எடுத்தால் பெயர், பிரிவு, நகரம் மூன்றையும் ஒரே தொனியில் ஒப்புவிப்பாள். வியர்த்த சேர்ட்டை அலுவலக மேசையருகிலேயே கழற்றி மாற்றுவாள். முதல் அத்தியாயத்திலேயே, மாற்று இதயம் பெறப்போகும் நோயாளியோடு வரும் அம்புலன்ஸை, கொலை நடந்த இடம் மூடப்பட்டிருக்கிறது என்பதற்காக மறிக்கிறாள். டெனிஷ் பொலிஸ்காரன் மார்ட்டின் அதை விடுகிறான். அவன் மேல் அவள் முறைப்பாடு எழுதுகிறாள். நாங்கள் எல்லோரும் மார்ட்டினின் பக்கம் நின்று சிரித்தோம்.

2015 இலையுதிர்காலத்தில் மூன்றாம் தொடர் வந்தபோது மகளுக்குப் பதினான்கு வயது. ஜேர்மன் எல்லைப் பக்கமிருந்து அகதிகள் நெடுஞ்சாலை வழியே சுவீடனை நோக்கி நடந்த செப்ரெம்பர் அது. அந்தப் பாலத்தைச் செய்தியிலும் பார்த்தோம், கதையிலும் பார்த்தோம். ஓரிரவு அவள் சொன்னாள்: "அப்பா, சாகா என்னைப் போல." நான் சிரித்தேன். பிறகு, விரிவுரையாளன் அல்லவா, விளக்கம் சொன்னேன். பாத்திரத்தோடு தன்னை அடையாளங்காண்பது வாசிப்பின் ஆரம்பப் படி, அதிலிருந்து விலகி நின்று பார்ப்பதே விமர்சனம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் சாகா செய்பவற்றை எழுதி, எதிரே தான் செய்பவற்றை எழுதி வைத்திருந்தாள் என்பது 2020இல், பத்தொன்பது வயதில் மருத்துவர் அவளது நிலைக்குப் பெயர் சொன்ன பிறகே எனக்குத் தெரியவந்தது. அந்தப் பட்டியலின் பெரும்பகுதி மருத்துவ அறிக்கையில் இருந்தது. மருத்துவர் எழுதாத சிலவும் அதில் இருந்தன.

தொடரில் எவ்விடத்திலும் சாகாவின் நிலை பெயரிடப்படுவதில்லை என்பதை நண்பர் சுட்டிக்காட்டலாம். உண்மை. நடிகை சோஃபியா ஹெலின் பேட்டிகளில் அஸ்பெர்கர் என்ற சொல்லைப் பாவித்திருக்கிறார். (நாஸி ஆட்சியோடு அந்த வியன்னா மருத்துவருக்கு இருந்த ஒத்துழைப்பு 2018இல் வெளியான ஆய்வுகளில் அம்பலமான பின் அச் சொல்லைப் பலர் கைவிட்டனர்.) ஆனால் பிரதிக்குள் அது இல்லை. மெக்சிக்கோ எல்லைக்கு மாற்றப்பட்ட 2013ஆம் ஆண்டின் அமெரிக்கப் பிரதியில், தயாரிப்பாளர்கள் நிலையை வெளிப்படையாக அறிவித்து, ஓட்டிசக்காரர் ஒருவரை ஆலோசகராகவும் வைத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். எனினும் ஓட்டிசப் பெண்கள் தமதென்று கொண்டாடியது பெயரில்லாத சாகாவையே. பெயரில்லாததால் அவளைப் பற்றி யாரும் விரிவுரை செய்வதில்லை. கூட வேலை செய்பவர்கள் பழகிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எழுத்தாளர் விட்டுவைத்த இடைவெளியை வாசகர் தம் வாழ்வால் நிரப்பினார்கள். இதைத்தானே நாம் எழுபதுகளின் பிரெஞ்சுக்காரரைப் படித்துவிட்டு வகுப்பறையில் பெருமையோடு சொன்னோம்? சொன்ன நாமே, ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை அதைச் செய்தபோது ஆரம்பப் படி என்று தள்ளினோம்.

இது புதிய பழக்கமுமல்ல. 'ஸ்ரார் ட்ரெக்' 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தபோது, பாதி மனிதனும் பாதி வேற்றுக்கிரகவாசியுமான ஸ்பொக்கைச் சுற்றி ஒரு ரசிகர் கூட்டம் உருவாயிற்று. அத் தொடருக்கான முதலாவது ரசிகர் சஞ்சிகை 1967இல் ஸ்பொக்கின் பெயரைச் சுமந்தே வெளிவந்தது. வீட்டில் அச்சிட்டு, தபாலில் அனுப்பி, வாசகர் கடிதங்களில் சண்டை பிடித்த பத்திரிகைகள் அவை. ரோனியோ மையில் கை கறுத்த எம்மவர் அச் சஞ்சிகைகளை இளக்காரமாகப் பார்ப்பது நியாயமா? விலங்கியல் அறிஞர் ரெம்பிள் கிராண்டினைப் பற்றி ஒலிவர் சாக்ஸ் 1993இல் எழுதிய கட்டுரையில், அவருக்கு அத் தொடரின் பிந்திய வடிவத்தில் வரும் டேற்றா என்ற இயந்திர மனிதன் மீதிருந்த பிரியம் பதிவாகியிருக்கிறது. மனிதராவது எப்படி என்று வெளியில் நின்று கவனித்துக்கொண்டேயிருக்கும் பாத்திரம் அது.

அப்போது மருத்துவமும் சினிமாவும் அவர்களுக்குக் கொடுத்திருந்தது எது? 1988இன் 'ரெயின் மான்'. நான்கு ஒஸ்கார் பரிசுகள். டஸ்ரின் ஹொஃப்மனின் நடிப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் தம்பியின் மனமாற்றத்தைப் பற்றியது. அண்ணன் அதற்கான கருவி. கதைக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் ஓட்டிசக்காரர் அல்லர் என்று பின்னாளில் கருதப்பட்டது இன்னொரு முரண். ஸ்பொக்கோ எவருடைய மனமாற்றத்துக்கும் கருவியல்ல. கப்பலில் அவனுக்கு வேலை இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள்.

1993இல் ரொறன்ரோவில் நடந்த சர்வதேச ஓட்டிச மாநாட்டில் ஜிம் சின்கிளேயர் என்ற ஓட்டிசக்காரர் பெற்றோரை நோக்கிப் பேசினார். எம்மவர் பல்லாயிரக்கணக்கில் வந்திறங்கிக்கொண்டிருந்த அதே நகரம். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக அழுங்கள், ஆனால் வந்திருக்கும் எங்களுக்காக அழாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். முந்திய வருடம் அவரும் நண்பர்களும் தொடங்கிய அமைப்பின் செய்தி மடலிலேயே அது அச்சாயிற்று. 1996 முதல் அவர்கள் வருடாந்தம் கூடினார்கள். பேச விருப்பமா இல்லையா என்பதைச் சிவப்பு, மஞ்சள், பச்சை அட்டைகளால் காட்டிக்கொள்ளும் வழக்கம் அக்கூடல்களிலிருந்து பரவியது. பண்பாடு என்பதற்கு வேறென்ன வேண்டும்? எமது இலக்கியக் கூட்டங்களுக்கும் அந்த அட்டைகள் தேவை என்று எனக்கு அடிக்கடி தோன்றியதுண்டு.

பிரித்தானிய ஓட்டிசச் சமூகவியலாளர் டேமியன் மில்ரன் 2012இல் முன்வைத்த கருத்தொன்று எனக்குத் தொழிற்சாலையில்தான் விளங்கியது. ஓட்டிசக்காரருக்கு மற்றவரை விளங்கவில்லை என்பது பாதி உண்மை, மற்றவருக்கும் அவர்களை விளங்கவில்லை, பிளவு இருபக்கமும் உண்டு என்றார் அவர். எடின்பரோ ஆய்வாளர்கள் 2020இல் எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தவைத்தனர். ஓட்டிசக்காரர் மட்டுமே நின்ற சங்கிலியில் கதை மற்றவர்களின் சங்கிலியைப் போலவே நன்றாகச் சென்றது. இருவகையினரும் கலந்த சங்கிலியிலேயே அதிகம் தொலைந்தது. எங்கள் மேற்பார்வையாளனுக்கு நான் பதில் சொல்லத் தாமதிப்பவன், முகம் பார்த்துச் சிரிக்காதவன், பகிடி விளங்காதவன். தமிழில் என்னோடு ஐந்து நிமிடம் கதைத்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் இந்த உவமையை நான் அளவோடே பாவிக்க வேண்டும். வேலை முடிந்து வீடு வந்தால் நான் 'சாதாரண' மனிதன். மகளுக்கு அப்படித் திரும்பிப் போக ஊர் என்று ஒன்றில்லை. சாகாவும் ஸ்பொக்கும் டேற்றாவும் அவளுக்குத் தந்தது அதைப் போன்ற ஒன்று என்றே நினைக்கிறேன்.

நண்பர் சரியாகச் சொல்லும் இடங்களும் உண்டு. சாகா வெள்ளைக்காரி, மெலிந்தவள், கெட்டிக்காரி, போர்ஷே வைத்திருப்பவள். சந்தைக்கு வேண்டியது பயன்தரும் விநோதம். தொடர்ந்து வந்த மருத்துவ மேதைகளும் சட்ட மேதைகளும் இதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். எம் சினிமாவிலும் இதுதான். 2013இல் வந்த 'ஹரிதாஸ்' நல்ல நோக்கம் கொண்ட படம், ஆனால் அந்தச் சிறுவன் ஓடி வெல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் தகப்பனின் கண்ணால். (இக் கட்டுரையும் தகப்பனின் கண்ணால்தானே என்று மகள் கேட்டாள். பதில் இல்லை.) எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இருபத்தாறு வயதுப் பிள்ளை பேசுவதில்லை. தாய்க்கு முதுகு போய்விட்டது. அவர் முன்னால் போய்ச் சாகாவைக் கொண்டாடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உதவியாளரும் ஓய்வும் பணமும் அந்தத் தாயின் கோரிக்கைகள், அவை நியாயமானவை.

ஆனால் இங்கிருந்து நண்பர் போகும் முடிவுக்கு நான் போகவில்லை. 2007இல் மெல் பாக்ஸ் என்ற, வாயால் பேசாத அமெரிக்க ஓட்டிசக்காரர் ஒரு சிறு ஒளிப்படத்தை வெளியிட்டார். முதற் பாதியில் ராகம் போல ஓர் ஒலி, கைகளின் அசைவு, குழாய்த் தண்ணீரில் விரல்கள். பிற்பாதியில், தட்டச்சு செய்ததை இயந்திரக் குரல் வாசிக்கிறது: முன்னர் கண்டது எனது மொழி, உங்கள் மொழியைப் பேசும்வரை என்னைச் சிந்திப்பவராக நீங்கள் கணக்கெடுப்பதில்லை என்ற கருத்தில். மொழிக்காக இவ்வளவு இழந்த எமக்கு அந்தப் படம் இலகுவில் கடந்து போகக்கூடியதல்ல. தமிழில் நாம் என்ன பெயர் வைத்திருக்கிறோம்? மதியிறுக்கம். தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனையற்றோர். தண்ணீரை அவ்வளவு நேரம் கவனித்தவரைப் பார்த்துப் புற உலகச் சிந்தனை இல்லை என்கிறோம்.

போன வருடம் ஒரு கலியாண வீடு. மண்டபத்தின் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கி. மகள் என் தொழிற்சாலைக் காதுக்காப்பைச் சேலையோடு போட்டுக்கொண்டு வந்து, கடைசிவரை இருந்தாள். முந்திய கலியாணங்களில் அரை மணித்தியாலத்தில் காரில் போய் இருப்பவள். மாமி முறையான ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, நாலு பேர் பாக்கிற இடம், பிள்ளைக்கும் காலம் வரவேணும்" என்றார். அதே காப்பை நான் நாளுக்கு எட்டு மணித்தியாலம் போடுகிறேன், எவரும் என் எதிர்காலத்துக்காகக் கவலைப்பட்டதில்லை. நான் அன்று மாமிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். காரில் வரும்போது மகள், "சாகா எண்டால் என்ன சொல்லியிருப்பா தெரியுமா?" என்று தொடங்கினாள். மனைவியே முதலில் சிரித்தாள்.

இரண்டாம் தொடரின் முடிவில், தன் ஒரே நண்பனான மார்ட்டின் சிறையிலிருந்தவனைக் கொன்றிருப்பான் என்று சாகா சந்தேகிக்கிறாள். கொல்லப்பட்டவன் மார்ட்டினின் மகனைக் கொன்றவன். அவள் அறிவித்துவிடுகிறாள். அழுதுகொண்டே அறிவிக்கிறாள். 'உணர்ச்சியற்றவள்' என்று அவளைப் பற்றி எழுதியவர்கள் இக்காட்சியைப் பார்த்தார்களா தெரியாது. நம்மவனா உண்மையா என்று வந்த நேரங்களில் நாங்கள் என்ன செய்தோம் என்பதை இப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

கடைசி அத்தியாயம் பற்றித்தான் எங்கள் வீட்டில் இன்னும் தகராறு. நான்காம் தொடரில் சாகா உளச்சிகிச்சைக்குப் போகிறாள். தங்கையின் சாவு தந்த குற்றவுணர்வே தன்னைப் பொலிசாக்கியது என்ற விளக்கத்துக்கு வருகிறாள். முடிவில் பாலத்தில் காரை நிறுத்திப் பொலிஸ் அடையாளத்தைக் கடலில் எறிகிறாள். தொலைபேசி அடிக்கிறது. பிரிவும் இல்லை, நகரமும் இல்லை, பெயரை மட்டும் சொல்கிறாள். நான் இதை விடுதலை என்று வாசித்தேன். பதவியும் எல்லையும் கழன்ற ஒரு மனுஷி. வேலையால் மட்டும் தன்னை அறிந்திருந்து அதை இழந்தவன் இப்படி வாசிப்பதில் புதுமையில்லை.

மகளுக்குக் கோபம். "அவவுக்கு வேலை எண்டால் உயிர் அப்பா. அதை நோய் எண்டு சொல்லிப் பறிச்சுப்போட்டு விடுதலை எண்டு சொல்லுறியள்." ஒருவரின் தீராத ஈடுபாட்டை ஒரு காயத்தின் விளைவாகக் காட்டி, காயம் ஆறியதும் ஈடுபாடும் போய்விடும் என்று முடித்தது, முப்பது அத்தியாயங்களாகத் தவிர்த்து வந்த மருத்துவக் கதையை எழுத்தாளர் கடைசி நிமிடத்தில் உள்ளே விட்டதுதான் என்கிறாள். அவள் தரப்பு என்னுடையதைவிடப் பலமானது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தொலைபேசியில் சாகாவின் குரல் இருக்கும் விதத்தை அவள் கணக்கிலெடுக்கவில்லை. திரும்ப ஒருமுறை பார்ப்போம் என்றேன். கடைசியை மட்டும் பார்க்க மாட்டாளாம், முப்பத்தெட்டையும் முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால்தான் வருவாளாம். எனக்கு அடுத்த கிழமை முழுக்க இரவு வேலை.