குறவஞ்சி மேடும் கைரேகைப் பதிவேடும்

தென்காசி வட்டாரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயிலில் தொடங்குவார்கள், இல்லையென்றால் குற்றாலச் சாரலில். இந்த வட்டாரத்து வழிகளில் யாரெல்லாம் தடையில்லாமல் நடமாட முடிந்தது என்று கேட்டவர்கள் குறைவு. அப்படிக் கேட்ட சில ஆய்வுகளை அடுத்தடுத்து வாசிக்கும்போது, நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பல விஷயங்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியையே எடுத்துக்கொள்வோம். நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் கவிராயருக்குக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். நூலுக்குள் வடகரைப் பாளையக்காரர் வீடும் அதன் மந்திரியும் இடம்பெறுகிறார்கள். குறவன் சிங்கனும் அவன் துணைவன் நூவனும் பறவை பிடிக்கப் போகும் கட்டத்தில் வயலும் குளமும் பெயர் சொல்லி அடுக்கப்படுகின்றன. நிலத்துக்கெல்லாம் பெயர் உண்டு, உடையவர் உண்டு. குறவருக்குத்தான் அங்கே ஒரு வயலும் இல்லை.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்து வளர்த்த ரசனை மரபு இந்த மாதிரி நூல்களில் முதலில் சந்தத்தைத்தான் கேட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தச் சந்தம் அப்படி! ஆய்வாளர் இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் கேட்டது வேறு: மேடையின் நடுவுக்குக் குறத்தி வந்தது ஏன், அதுவும் அந்த நூற்றாண்டில்? அலைந்து திரிகிறவர்களும் நிலத்தில் வேரூன்றியவர்களும் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு வாழ்ந்த காலத்தின் நாடகமாக அவர் குறவஞ்சியை வாசிக்கிறார்.

நூலில் குறத்தி சிங்கி நாடு நாடாகப் போய்க் குறி சொல்கிறாள். எங்கே போனாய் என்று கேட்க அவளுக்குச் சிங்கன் ஒருவன்தான். நூலுக்கு வெளியே அந்தச் சுதந்திரம் நிலைக்கவில்லை. 1871இல் வடக்கே வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டனர். கைரேகை எடுத்தார்கள், பதிவேட்டில் பெயர் ஏற்றினார்கள், காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட ஆங்கில நூல் இதன் பொருளாதாரப் பின்னணியைத் தோண்டுகிறது. குறவர்கள் பொதிமாட்டில் உப்பும் தானியமும் கொண்டுபோய் விற்றவர்கள். ரயிலும் அரசின் உப்புக் கொள்கையும் அந்த வியாபாரத்தை அழித்தன. பிழைப்பு போன பிறகு, அவர்களுடைய அலைச்சலே குற்றத்துக்கு அடையாளமாயிற்று. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக அரங்கேற்றிய ஆண்டு 1944. மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல், நாடு முழுவதும் 1952இல். மேடையில் குறத்திக்குக் கைதட்டல் விழுந்துகொண்டிருந்தபோது வெளியே குறவர் பெயர் பதிவேட்டில் இருந்தது. கலை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்ப்பதில்லை.

கோயில் வாசலுக்கும் இதே கணக்கு உண்டு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. 1936 நவம்பர் 12 பிரகடனத்தால் அந்த சமஸ்தானத்தின் அரசுக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் தென்காசி சென்னை மாகாணம். அங்கே சட்டம் வந்தது 1939இல்தான், மதுரை ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு. இரண்டு ஊரிலும் அதே தமிழ், அதே சாதிகள். ஆனால் ஒரு மனிதன் எந்த வாசலுக்குள் நுழையலாம் என்பதை எல்லைக்கோடு முடிவு செய்தது. இவை இரண்டுக்கும் முன்பே, 1934 ஜனவரியில் குற்றாலம் வந்த காந்தி, கோயில் வழியைக் காரணம் காட்டி அரிசனங்களை அருவிக்கு விடுவதில்லை என்று அறிந்து, தானும் குளிக்காமல் போனார்.

வழி மறித்ததைப் பற்றி இந்த வட்டாரத்தில் இன்னொரு கதையும் உலவுகிறது. 1911 ஜூன் 17இல் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டார். பிரசவ வலியில் துடித்த தலித் பெண்ணை அக்கிரகாரத்து வழியே வண்டியில் கொண்டுபோனதற்காக ஆஷ் கொல்லப்பட்டார் என்ற கதை இன்று வேகமாகப் பரவுகிறது. ஆவணங்களில் அதற்கு ஆதாரம் கிடையாது என்று 'ஆஷ் அடிச்சுவட்டில்' எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதி காட்டியிருக்கிறார். வாஞ்சியின் வருணாசிரமப் பற்றை விமர்சிக்கத் தாராளமாக இடம் உண்டு. அதற்கு இந்தக் கதை வேண்டியதில்லை. வழி மறித்ததற்குச் சாட்சி கேட்டால் குற்றாலத்து அருவிப் பாதை இருக்கிறது. ஆவணங்களும் எல்லைக்கோட்டின்படியே பிரிந்து கிடக்கின்றன: மாகாணத்துக் கோப்புகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், செங்கோட்டைக் கோப்புகளுக்குத் திருவனந்தபுரம். வட்டார வரலாறு எழுதுகிறவர் இரண்டு இடத்துக்கும் போயாக வேண்டும்.