ஏரிக் கணக்கில் பாஸ்பரஸ் எங்கே?

உறைநிலம் பற்றி முன்பு இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். நிலம் உருகும், ஏரி உண்டாகும், மீத்தேன் வெளியேறும் என்று மூன்றே வரியில் முடித்துவிட்டேன். அது பாதிக் கணக்குதான். மீதியைக் காட்டியது 2014-இல் 'நேச்சர்' இதழில் கேட்டி வால்டர் ஆந்தனி குழுவினர் எழுதிய கட்டுரை. ரெண்டு தடவை படிச்சாச்சு. பிரமிப்பும் இருக்கு, ஒரு குறையும் இருக்கு.

முதலில் பின்னணி. சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் யெடோமா என்றொரு நிலம் உண்டு. பனியுகத்தில் படிந்த வண்டல், உள்ளே பழைய புல் வேர்கள், இடையிடையே பெரிய பனிக்கட்டி ஆப்புகள். கட்டி உருகினால் மேலே உள்ள நிலம் உள்வாங்கும், பள்ளத்தில் தண்ணீர் சேரும். இதுதான் தெர்மோகார்ஸ்ட் ஏரி. அடியில் உருகிய மண்ணிலிருந்து நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும். வடக்கு சைபீரிய ஏரிகளின் மீத்தேனில் 95 சதவீதம் குமிழிகளாகத்தான் வருகிறது என்று 2006-இல் காட்டியதும் இதே ஆய்வாளர்தான்.

எட்டு வருஷம் கழித்து அவரே மறுபக்கத்தையும் எழுதுகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. உருகும் மண் கார்பனை மட்டும் விடுவதில்லை, சத்துகளையும் விடுகிறது. அதில் பாசிகளும் நீர்த்தாவரங்களும் வளர்ந்து, செத்து, ஆக்சிஜன் இல்லாத குளிர்ந்த அடித்தளத்தில் மக்காமல் படிகின்றன. ஏரி வடிந்ததும் அந்தப் படிவு மறுபடி உறைந்துவிடும். 20 ஏரிப் படிவுகளில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 47 கிராம் கார்பன், பிழை 10 கிராம். ஏரி உருவானபோது பழைய உறைநிலத்திலிருந்து வெளியேறியதைப்போல் சுமார் 1.6 மடங்கு உள்ளே சேர்ந்திருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தப் படுகைகள் பூமியைச் சூடாக்குவதிலிருந்து குளிர்விக்கும் பக்கம் மாறிவிட்டன.

இப்போ என் குறை. கட்டுரைச் சுருக்கத்தில் கார்பனுக்கு எண் இருக்கிறது, பிழை வரம்பும் இருக்கிறது. சத்துகளுக்கு 'தூண்டியது' என்ற வினைச்சொல் மட்டும்தான். கரை அரிப்பு, சத்து, மெதுவான சிதைவு என்று மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். எதுக்கு எவ்வளவு பங்கு? ஒரு சிஸ்டம் திடீர்னு வேகமாச்சுன்னா, எந்த மாற்றத்தால எவ்வளவுன்னு பிரிச்சுக் கேட்போம் இல்லையா? இங்கேயும் அது முக்கியம். கரையிலிருந்து விழுந்தது இடம் மாறிய கார்பன். பாசி வளர்ந்து சேர்த்தது ஏரியே புதுசாகப் பிடித்த கார்பன்.

சத்து கிளம்பிய உடனே பாசிக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதும் இல்லை. அலாஸ்காவின் பாரோவில் அரை மீட்டர் ஆழக் குட்டைகளை 1970-களில் ஆராய்ந்து, ஜான் ஹாபி தொகுத்த புத்தகம் 1980-இல் வந்தது. அங்கே பாஸ்பரஸை அடிமண்ணில் உள்ள இரும்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. சத்து பக்கத்திலேயே இருக்கும், பாசி பட்டினி கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தால்தான் இரும்பு பிடியை விடும். ஆழமும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலப் பனிக்கட்டி 2 மீட்டர் வரை தடிக்கும் இடங்களில் ஆழமற்ற ஏரி அடிவரை உறைந்துவிடும். கொஞ்சம் ஆழமானதில், உறையும் நீர் கரைபொருளை வெளியே தள்ளுவதால் மிச்ச நீரில் சத்து செறியும். ரெண்டையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கலாமா?

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு 'உருகினா உருகட்டும், ஏரி பாத்துக்கும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வாயு வெளியேறுவது உடனடி, திரும்பச் சேர்வதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள். ஏரிப் படுகைகளில் சேர்ந்திருக்கும் சுமார் 16,000 கோடி டன் கார்பனில் உறைந்து கிடப்பது, உறைநிலம் போனால் மறுபடி கிளம்பலாம் என்று கட்டுரையே எச்சரிக்கிறது.

குறை சொன்னாலும், என் மூன்று வரியைத் திருத்தியது இந்தக் கட்டுரைதான். பழைய குறிப்பின் மேலே இதற்கு ஒரு இணைப்பு போட்டுவிட்டேன்.