மௌக்லியும் வாழைப்பழமும்

வீடியோ விளையாட்டுக்கும் இலக்கிய மாத இதழுக்கும் என்ன உறவு என வினவும் வாசகர் இருக்கக்கூடும். நம் பிள்ளைகள் நாள்தோறும் எதன் முன் அமர்ந்து வீழ்வதையும் எழுவதையும் பழகுகிறார்களோ, அதையும் ஒரு நூலைப் படிப்பதுபோல் படித்துப் பார்ப்பது பெற்றோராகிய நம் கடன் என்றே கருதுகிறோம்.

கடந்த கோடை விடுமுறையில் கொல்லிமலையின் தேவனூர் நாட்டில், அறிமுகமான ஒரு குடும்பத்துடன் நான்கு நாள்கள் தங்கியிருந்தோம். (இம்மலையின் ஊர்த்தொகுதிகளை ‘நாடு’ என்றே வழங்குவர்.) கல்லூரியில் பயிலும் அவ்வீட்டு மூத்த மகன் தன் மடிக்கணினியில் ஒரு பழைய விளையாட்டுத் தொகுப்பைக் கொண்டு வந்திருந்தான். டிஸ்னியின் கேலிச்சித்திரத் திரைப்படங்களைத் தழுவி எழுந்த ‘அலாவுதீன்’ (1993), ‘லயன் கிங்’ (1994), ‘ஜங்கிள் புக்’ (1994) ஆகியவற்றை டிஜிட்டல் எக்லிப்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் மெருகூட்டித் தந்த தொகுப்பு அது. முதலிரண்டும் 2019-இல் வெளிவந்தன. மூன்றாவது 2021-இல் சேர்ந்தது. ஓடுவதும் தாவுவதும் எதிர்ப்படுவனவற்றை வீழ்த்துவதுமே இவற்றின் சாரம்.

மூன்றனுள் தலைசிறந்தது ‘அலாவுதீன்’ என்பதில் நமக்கு ஐயமில்லை. டிஸ்னியின் ஓவியர்களே தாளில் வரைந்த சட்டங்களைக் கணினியில் ஏற்றி, டேவிட் பெரி தலைமையிலான வர்ஜின் நிறுவனத்தார் செகா கருவிக்காக இதை அமைத்தனர். அலாவுதீன் ஓடும்போது அவன் கால்சட்டை காற்றில் புடைப்பதைக் காண முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கண் சலிக்கவில்லை. அதே ஆண்டில் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் நின்டெண்டோ கருவிக்காக ஆக்கிய மற்றோர் ‘அலாவுதீன்’ உண்டு. அதில் நாயகன் கையில் வாள் இல்லை. பகைவரின் தலைமீது தாவிக் குதிப்பான். 2019 தொகுப்பில் விடுபட்டிருந்த இதுவும் 2021-இல் இடம்பெற்றது.

தொகுப்பாளரின் நேர்மைக்கு வேறொரு சான்றும் உண்டு. 1993 ஜூனில் வணிகக் கண்காட்சியில் காட்டப்பட்ட, அரைகுறையாய் நின்ற ‘அலாவுதீ’னையும் முற்றுப்பெற்ற ஆட்டத்தின் அருகிலேயே வைத்திருக்கிறார்கள். தம் கைப்பிழையை மறைக்கும் படைப்பாளிகள் மலிந்த உலகில் இது அரியது. தலைமைத் திருத்தூதர் மும்முறை மறுதலித்ததை நான்கு நற்செய்தியாளரும் விடாமல் எழுதி வைத்தது நம் நினைவுக்கு வந்தது.

‘ஜங்கிள் புக்’ வேறு. 1894-இல் கிப்ளிங் எழுதிய கதையின் களம் மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காடு. 1993-இல் தூர்தர்ஷனில் மௌக்லி தொடரைக் கண்டு வளர்ந்தோர் நம்மில் பலர். ஆட்டத்தில் அச்சிறுவன் காடெங்கும் சிதறிக்கிடக்கும் மாணிக்கங்களைத் திரட்ட வேண்டும். போதிய எண்ணிக்கை சேர்ந்தாலன்றி அடுத்த கட்டம் திறவாது. அவன் கையிலுள்ள படைக்கலமோ வாழைப்பழம்! அதை வீசிக் குரங்குகளை வீழ்த்துகிறான். திண்ணையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி கேட்டார்: “பழத்தைக் கொடுத்தா வாங்கிட்டுப் போயிருமே, அதை வச்சே எதுக்குக் கண்ணு அடிக்கிறான்?” பேரப்பிள்ளைகள் சிரித்தனர். நம்மால் சிரிக்க இயலவில்லை. இவ்விளையாட்டைப் பற்றி இதைவிடக் கூரிய விமரிசனத்தை எவரும் எழுதிவிட முடியாது.

இம்மலை வேட்டையை அறியாத மலையன்று. ஒரே அம்பில் யானையும் புலியும் மானும் பன்றியும் உடும்பும் வீழ எய்தவன் என்று புறநானூறு போற்றும் வல்வில் ஓரியின் மலை இது. ஆனால் அந்தப் பாடல் வில்லாற்றலோடு நின்றுவிடவில்லை; வேட்டையாடியவன் வந்த பாணருக்கு ஊனும் தன் மலையில் விளைந்த பொன்னும் மணியும் அள்ளித் தந்ததில்தான் அது நிறைவெய்துகிறது. மௌக்லி திரட்டும் மணிகள் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. எண்ணிக்கை ஏறுவதற்காகவே அவை இருக்கின்றன. மலையும் பலாவும் மிளகுக்கொடியும் வாசலில் நிற்க, காடென்றால் எடுத்துக்கொள்வதற்கும் அடித்துத் தள்ளுவதற்கும் உரிய இடமே என்று இம்மலைப் பிள்ளைகளுக்குத் திரை கற்பிப்பதை எங்ஙனம் மெச்சுவது?

இனி ‘லயன் கிங்’. வெஸ்ட்வுட் நிறுவனத்தார் ஆக்கிய இதன் இரண்டாம் கட்டத்தில் சிங்கக்குட்டியைக் குரங்குகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தூக்கி வீசும். எந்தக் குரங்கு எத்திசையில் வீசும் என்பது விளங்குமுன் உயிர்கள் தீர்ந்துவிடும். அன்று எண்ணற்ற சிறுவர் இவ்விடத்திலேயே மனமுடைந்தனர். அமெரிக்கக் கடைகளில் இவ்விளையாட்டுகள் வாடகைக்கும் கிடைத்தன. வாடகை நாள்களுக்குள் பிள்ளைகள் ஆடி முடித்துவிட்டால் விலைக்கு வாங்கமாட்டார்கள் என்ற கணக்கில், டிஸ்னியின் வற்புறுத்தலால் அக்கட்டம் கடினமாக்கப்பட்டதென ஆக்கியோருள் ஒருவரான லூயி காஸில் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். எட்டு வயதுக் குழந்தையின் தோல்வி ஒரு வணிகக் கணக்கின் விளைவாக இருந்திருக்கிறது!

புதிய தொகுப்பு இதற்கு மருந்தொன்று வைத்துள்ளது. ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் பின்னோக்கிச் சுழலும். பள்ளத்தில் வீழ்ந்தவன் மேலெழுந்து, வீழுமுன் நின்ற இடத்தில் நிற்பான். குரங்குக் கட்டத்தில் இது வெறும் வசதியன்று, நீதி என்றே சொல்வோம். வஞ்சனையால் வீழ்த்தப்பட்டவனுக்கு அவ்வீழ்ச்சியைத் திருப்பித் தருவது முறையே.

எனினும் ‘அலாவுதீ’னில் இப்பொத்தான் நம்மை உறுத்தியது. அங்கே பெரும்பாலும் வீழ்வது நம் அவசரத்தால். மூத்தவன் ஒவ்வொரு தவறையும் அக்கணமே சுருட்டி எடுத்துவிட்டான். ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டமும் முடிந்தது, அவனுக்குச் சலிப்பும் தட்டியது. திரைப்படத்துச் சிம்பாவின் சிக்கலும் இதுவன்றோ? தந்தையின் சாவுக்குத் தானே காரணம் என்றெண்ணி, நேர்ந்ததை நேராததாக்கிக்கொண்டு வாழ ஓடுகிறான். கிழக்குரங்கு ரஃபிக்கி அவன் தலையில் கோலால் அடித்துத்தான் கடந்த காலம் வலிக்கும் என்பதை உணர்த்த வேண்டியிருக்கிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் பெறுவதும் பின்சுழற்சியன்று. செய்தது செய்ததாகவே இருக்க, செய்தவன் மன்னிக்கப்படுகிறான். உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய கைகளில் தழும்புகள் இருந்தன.

பொத்தானைத் தடை செய்க என்று நாம் சொல்ல வரவில்லை. எந்த வீழ்ச்சி தன்னுடையது, எது பிறர் வைத்த கண்ணி என்று பிரித்தறியும் பழக்கத்தை அது பிள்ளையிடமிருந்து பறித்துவிடலாகாது என்பதே நம் கவலை.

அவ்வீட்டு இளையவள், பத்து வயதினள், அப்பொத்தானைத் தொடவே மறுத்தாள். அற்புதக் குகையிலிருந்து பறக்கும் கம்பளத்தில் தப்பும் கட்டத்தில் பதினொரு முறை வீழ்ந்தாள். பன்னிரண்டாம் முறை ஏறக்குறைய வெளியேறிவிட்ட வேளையில் மழை வந்து மின்சாரம் நின்றது. பழைய மின்கலம் கைகொடுக்கவில்லை. ஆட்டத்தைச் சேமித்து வைக்கவும் அவள் மறந்திருந்தாள். அழுதுகொண்டே உறங்கப் போனாள். மறுநாள் காலை கீழிறங்கும் பேருந்துக்கு நாம் புறப்படுகையில், வாயில் பற்பசையுடன் அமர்ந்து, ஆக்ரபாவின் சந்தைத் தெருவிலிருந்து மறுபடியும் தொடங்கியிருந்தாள்.